ஞாயிற்றுக்கிழமை வாளி

டாக்டரம்மா: அந்த ஒரு கரண்டி எச்சத்தை இன்னும் எவ்வளவு நேரம்யா கழுவுவே? கரடி போடறதுக்கே அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

சல்லடை: கழுவினாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்? 'தண்ணி தெளியற வரைக்கும் கழுவு'ன்னு சொன்னது யாரு? நீங்கதானே.

டாக்டரம்மா: சொல்லி இருபத்தாறு வருஷம் ஆச்சு. அப்போ எனக்கு முட்டி வலி கிடையாது.

சல்லடை: எனக்கு அப்போ சல்லடைன்னு பேரும் கிடையாது. பெத்தவங்க வெச்ச பேரு என்னன்னு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாத்தான் ஞாபகம் வருது.

டாக்டரம்மா: உன் பொண்டாட்டியே அப்படித்தானே கூப்பிடறா.

சல்லடை: அவளா? போன வாரம் ஒரு கல்யாணத்துல என்னை அறிமுகப்படுத்தினா பாருங்க... 'இவர் கரடி எச்சம் கழுவற ஆராய்ச்சியில இருக்கார்'னு. பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் நாற்காலியோட எழுந்து போயிட்டார்.

டாக்டரம்மா: சரி, பேச்சைக் குறை. என்ன இருக்கு?

சல்லடை: எறும்பு ஓடு. வேர் நாரு. பழ விதை... ஏழே ஏழு. வழக்கமா இந்த மாசத்துல எழுநூறு எண்ணுவேன்.

டாக்டரம்மா: மழை பொய்ச்ச வருஷம். பழம் எங்கேருந்து வரும்? அப்புறம்?

சல்லடை: ஒரு கொத்து முடி. சொந்த முடிதான், நக்கினது.

டாக்டரம்மா: சோளத் தோல்?

சல்லடை: ...

டாக்டரம்மா: யோவ், உன்னைத்தான்.

சல்லடை: தண்ணிச் சத்தத்துல காதுல விழல.

டாக்டரம்மா: மக்காச்சோளத் தோல் இருக்கா இல்லையா?

சல்லடை: இருக்கு. கொஞ்சம்.

டாக்டரம்மா: கொஞ்சம்னா?

சல்லடை: ...நிறைய.

டாக்டரம்மா: ம்.

சல்லடை: போன் அடிக்குது.

டாக்டரம்மா: ஸ்பீக்கர்ல போடு. ரேஞ்சராத்தான் இருக்கும். நேரம் பார்த்து வருவான், பூஜையில கரடி மாதிரி.

ரேஞ்சர்: மேடம்! நாலு மணிக்கு உங்க பேப்பர் வந்தாகணும். மேலிடத்துலேருந்து ரெண்டு தடவை கேட்டாச்சு.

டாக்டரம்மா: மணி இன்னும் மூணு ஆகலையே.

ரேஞ்சர்: நான் கூண்டுக்கு முன்னாடியே நிக்கறேன் மேடம். குட்டி ரெண்டும் தாய்க்கரடி வயித்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்குதுங்க. துப்பாக்கிக்காரன் காலையிலேயே வந்துட்டான். மரத்தடியில உட்கார்ந்து பேப்பர் படிக்கறான்.

சல்லடை: என்ன படிக்கறான்?

ரேஞ்சர்: ராசிபலன்.

சல்லடை: அவனுக்கா, கரடிக்கா?

ரேஞ்சர்: சல்லடை அண்ணே, எனக்கு சிரிப்பு வரலை. நானா இதைச் சுடணும்னு ஆசைப்படறேன்? பள்ளிக்கூடச் சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து நின்னுச்சு. யாரையும் தொடலை, ஒத்துக்கறேன். ஆனா சமையல்காரர் ஜன்னல் வழியா குதிச்சுக் கையை ஒடிச்சுக்கிட்டாரே. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வந்தா?

டாக்டரம்மா: விதி எனக்குத் தெரியும்.

ரேஞ்சர்: தெரியாம இருக்குமா? எழுதினதே நீங்கதானே. கரடி தின்னதுல இருபது சதவீதத்துக்கு மேல மனுஷங்க குடுத்த சாப்பாடுன்னா, அது மனுஷ வாசனை தேடி வரும், சுட்டுடணும். இருபதுக்குக் கீழன்னா லாரியில ஏத்தி ரோடே இல்லாத மலையில விட்டுடலாம். எனக்கு ஒரு நம்பர் குடுங்க மேடம். இருபதுக்குக் கீழ ஒரு நம்பர்... இருந்தா.

டாக்டரம்மா: நாலு மணிக்கு வரும். வை.

சல்லடை: வெச்சுட்டான்.

டாக்டரம்மா: பாவம், குரலே சரியில்ல அவனுக்கு.

சல்லடை: கரடிகிட்டேருந்து முடி எடுத்து அனுப்பினோமே, அந்த டெஸ்ட் எப்போ வரும்?

டாக்டரம்மா: வந்தாச்சு. காலையில எட்டு மணிக்கே.

சல்லடை: எட்டு மணிக்கா? அப்போ என்னத்துக்கு என்னை மத்தியானம் வரைக்கும் இந்த நாத்தத்துல நிக்க வெச்சீங்க?

டாக்டரம்மா: வேற ஏதாவது கிடைக்குமான்னு பார்த்தேன். குப்பைத் தொட்டி பிளாஸ்டிக், ரொட்டி உறை, எதாவது... ஊர்க்காரங்க மேல பழியைப் போட.

சல்லடை: ஒண்ணும் கிடைக்கலையே.

டாக்டரம்மா: சோளம்தான் கிடைச்சுது. இந்தச் சுத்து வட்டாரத்துல ஒருத்தன் மக்காச்சோளம் போடறதில்ல. அது எங்கே இருக்கு, சொல்லு.

சல்லடை: நம்ம தீவன ரூம்ல.

டாக்டரம்மா: ம்.

சல்லடை: ...முடியில என்ன வந்துது?

டாக்டரம்மா: இருபத்தெட்டு.

சல்லடை: இருபத்தெட்டா?

டாக்டரம்மா: தின்னது எச்சத்துல ரெண்டு நாள் இருக்கும். முடியில அப்படியா? வளர வளர எழுதிக்கிட்டே போகும், கணக்குப்பிள்ளை மாதிரி. ரெண்டு மாசத்துக் கதையும் அதுல இருக்கு. இருபத்தெட்டு.

சல்லடை: மெஷின்ல கோளாறு இருக்கலாம்ல?

டாக்டரம்மா: மெஷின் குடுக்கறது வெறும் எண். அதை சதவீதமா மாத்தறது என் அட்டவணை. நானும் நீயும் ஆறு வருஷம் பின்னாடி கொட்டகையில கிழக்கரடிக்கு அளந்து அளந்து தீனி போட்டு உண்டாக்கினது.

சல்லடை: பதினெட்டுன்னு எழுதுங்க.

டாக்டரம்மா: என்னது?

சல்லடை: பதினெட்டுன்னு எழுதி அனுப்புங்க. யாருக்குத் தெரியப் போகுது?

டாக்டரம்மா: மெஷின் எண் மேலிடத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கு. என் அட்டவணை அவங்க சுவத்துல ஒட்டியிருக்கு. பத்தாவது படிச்ச பையன் பார்த்தாக்கூட இருபத்தெட்டுன்னு சொல்லிடுவான். முழுப் பூசணிக்காயை எங்கே மறைக்கறது?

சல்லடை: அப்போ...

டாக்டரம்மா: உட்காரு. அந்தக் கையுறையைக் கழட்டிட்டு உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

சல்லடை: நீங்க இந்த மாதிரி ஆரம்பிச்சா நல்லதா எதுவும் வராது.

டாக்டரம்மா: அந்தச் சோளம் நான் வெச்சது.

சல்லடை: நீங்களா?

டாக்டரம்மா: ஏன்யா வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே? ஆமா, நான்தான். 'காட்டு விலங்குக்கு ஒரு பருக்கை போட்டாலும் அது விஷம்'னு ஊர் ஊராப் போய்ப் பேசினவ. வேலியே பயிரை மேஞ்சுது.

சல்லடை: எப்போலேருந்து?

டாக்டரம்மா: ஒன்பது வாரம். ஆத்துப் பாறைக்குப் பக்கத்துல எடைப் பலகை பதிச்சு வெச்சிருக்கோமே, இந்தக் கரடி அதுல ஏறிச்சு. போன வருஷம் இதே மாசம் நூத்துப் பத்து கிலோ. இப்போ எழுபத்தி நாலு. ரெண்டு குட்டி பால் குடிக்குது.

சல்லடை: அந்த எடையை நானும் பார்த்தேன்.

டாக்டரம்மா: வேற யாராவது பார்த்தா 'ஐயோ, இளைச்சிருக்கே'ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. எனக்கு அப்படி முடியலை. உடம்புல எத்தனை கிலோ கொழுப்பு மிச்சம், எத்தனை நாள்ல பால் நிக்கும், பால் நின்ன எத்தனாவது நாள் சின்னக் குட்டி போகும்... எல்லாம் மனசுக்குள்ள தானா ஓடுது. பசி எனக்கு கிராம் கணக்குல தெரியும்யா. அதான் வினை.

சல்லடை: எந்தக் கிழமை?

டாக்டரம்மா: என்ன?

சல்லடை: எந்தக் கிழமை வெச்சீங்க?

டாக்டரம்மா: ஞாயித்துக்கிழமை. உனக்கு லீவு நாள். ஒரு வாளி. ரெண்டு கிலோ, ஒரு கிராம் கூடாது குறையாது. ஏன்?

சல்லடை: சும்மா கேட்டேன்.

டாக்டரம்மா: கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். வாரத்துக்கு ரெண்டு கிலோன்னா அது தின்னறதுல பதினாறு சதவீதம். இருபதைத் தாண்டாது. குட்டியும் பிழைக்கும், விதியும் மீறினதாகாது. புத்திசாலின்னு எனக்கு நினைப்பு.

சல்லடை: ஒண்ணு பண்ணுங்க. 'நான்தான் வெச்சேன்'னு எழுதிக் குடுத்துடுங்க. கரடி ஊரைத் தேடிப் போகலை, நீங்க பழக்கினதுன்னு.

டாக்டரம்மா: விதியில யார் வெச்சாங்கன்னு கேள்வியே கிடையாதே. யார் கையால தின்னாலும் குண்டு கரடிக்குத்தான். நான்தானே எழுதினேன்... அவ்வளவு இறுக்கமா. ஓட்டை போட்டு வெச்சா ஆளாளுக்கு நுழைவாங்கன்னு அடைச்சு வெச்சேன். இப்போ நானே நுழைய வழியில்ல.

சல்லடை: பதினெட்டு வருஷமா அந்த விதி இருக்கு.

டாக்டரம்மா: பதினெட்டு வருஷத்துல பதினோரு கரடி. ஒவ்வொண்ணுக்கும் கீழ என் கையெழுத்து. தூங்கியிருக்கேன், தெரியுமா? நல்லாவே தூங்கியிருக்கேன். கணக்கு சரி, அதனால மனசும் சரின்னு.

சல்லடை: சரிதானே.

டாக்டரம்மா: சரியா? அதைத்தான் காலையிலேருந்து யோசிக்கறேன். நான் வெச்சது பதினாறு. தராசுல நிறுத்தது. காப்பிக்குச் சர்க்கரையே தராசுல போடறவ நான். ஆனா என் அட்டவணை இருபத்தெட்டுன்னு சொல்லுது. அப்போ எது தப்பு? சொல்லேன். எது தப்பு?

சல்லடை: எனக்கென்ன தெரியும்? நான் எச்சம் கழுவறவன்.

டாக்டரம்மா: அட்டவணைதான் தப்பு. கூட்டிக் காட்டுது.

சல்லடை: இல்ல.

டாக்டரம்மா: என்ன இல்ல?

சல்லடை: அட்டவணை தப்பா இருக்காது. ஆறு வருஷம் ராப்பகலா நிறுத்தோம், எடுத்தோம், கழுவினோம். தப்பு இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

டாக்டரம்மா: கிழக்கரடியை வெச்சுப் போட்டது. கூண்டுல கிடந்தது, சோம்பேறி. காட்டுக் கரடி உடம்பு வேற மாதிரி இருக்கலாம்.

சல்லடை: இல்லம்மா. தப்பில்ல.

டாக்டரம்மா: ஏன்யா பிடிவாதம் பிடிக்கறே? வேற காரணம் உனக்குத் தெரிஞ்சா சொல்லு, கேட்டுக்கறேன். தெரியுமா?

சல்லடை: ...தெரியாது.

டாக்டரம்மா: அப்போ அட்டவணைதான். அதைத்தான் எழுதப் போறேன்.

சல்லடை: எழுதினா?

டாக்டரம்மா: அட்டவணை தப்புன்னா இருபத்தெட்டுக்கு அர்த்தமே இல்ல. அர்த்தமில்லாத எண்ணை வெச்சு யாரையும் சுட முடியாது. லாரி வரும். அம்மாவும் குட்டியும் தூரத்து மலைக்குப் போகும்.

சல்லடை: அது சரி... அந்தப் பதினொண்ணு? அட்டவணை கூட்டிக் காட்டுதுன்னா அந்தப் பதினொண்ணும்...

டாக்டரம்மா: போட்டுப் பார்த்தேன். அதே அளவு குறைச்சா ஏழு கரடி கோட்டுக்குக் கீழ வருது.

சல்லடை: ஏழு கரடி தப்பா செத்துதுன்னு நீங்களே எழுதப் போறீங்களா?

டாக்டரம்மா: எழுதமாட்டேன். படிக்கறவங்க எண்ணிக்குவாங்க. எண்ணத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க.

சல்லடை: நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. முப்பத்தி ரெண்டு வருஷம்... 'இவ்வளவு நாளா கரடி விட்டுக்கிட்டு இருந்தியா'ன்னு கேப்பாங்களே.

டாக்டரம்மா: கேக்கட்டும். அந்தச் சொல்லுக்குப் பொருத்தமா ஒரு ஆள் கிடைச்சேன்.

சல்லடை: விளையாடாதீங்க.

டாக்டரம்மா: விளையாட எனக்குத் தெம்பில்லய்யா. என் பொண்ணு ஏழு வயசுல ஒரு நாள் கேட்டா, 'அம்மா, எனக்கு எது சாப்பிடப் பிடிக்கும், சொல்லு'ன்னு. முழிச்சேன். கரடிக்கு எந்த மாசம் எது பிடிக்கும்னு நாப்பது பக்கம் எழுதினவ. அவ இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. அந்த நாப்பது பக்கமும் தப்புன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவா.

சல்லடை: அம்மா, கொஞ்சம் பொறுங்க. ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா? நான்... யோசிச்சு...

டாக்டரம்மா: எதை யோசிக்கப் போறே? மணி மூணே முக்கால். ரேஞ்சருக்குப் போன் போடு.

சல்லடை: அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

டாக்டரம்மா: ஒரு நிமிஷம் தரேன். சொல்லு.

சல்லடை: ...ஒண்ணுமில்ல. போடறேன்.

ரேஞ்சர்: சொல்லுங்க மேடம். நம்பர் என்ன?

டாக்டரம்மா: நம்பர் இல்ல. கடிதம். அனுப்பியாச்சு, பாரு. நானே படிக்கறேன். 'மேற்படி பெண் கரடிக்கு ஒன்பது வாரங்களாக, வாரம் ஒரு முறை, இரண்டு கிலோ தீவனம் நானே வைத்தேன். அது அதன் உணவில் பதினாறு சதவீதம். என் அட்டவணை அதை இருபத்தெட்டு என்று காட்டுகிறது. ஆகவே என் அட்டவணை தவறானது. அதை நம்பி இனி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.' அவ்வளவுதான். கையெழுத்து.

ரேஞ்சர்: மேடம்...

டாக்டரம்மா: புரியலையா?

ரேஞ்சர்: புரிஞ்சுது. அதான் பேச்சு வரலை. நீங்களா தீனி வெச்சீங்க?

டாக்டரம்மா: நானேதான்.

ரேஞ்சர்: அட்டவணை தப்பா? அதை நம்பித்தானே நான் போன வருஷம் ஆத்தங்கரையில ஒண்ணை... என் கையால...

டாக்டரம்மா: பாவம் என்னோடது. உன்னோடது இல்ல. உன் கையில இருந்தது என் பேப்பர்.

ரேஞ்சர்: மேலிடத்துல ஒண்ணு கேப்பாங்க மேடம். நான் கேக்கலைன்னாலும் அவங்க கேப்பாங்க. நீங்க வெச்சது போக வேற யாராவது வெச்சிருந்தா? அப்போ அட்டவணை சரியா இருக்குமே?

டாக்டரம்மா: தீவன ரூம் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு சல்லடைகிட்ட.

ரேஞ்சர்: சல்லடை அண்ணே, நீங்க...?

டாக்டரம்மா: அவனா? வீட்டுப் பூனைக்கே பால் ஊத்த மாட்டான். பொண்டாட்டி ஊத்தினா 'கிண்ணத்தை யாரு கழுவறது'ன்னு கேக்கற ஆளு.

ரேஞ்சர்: ஹா... அது சரி. அப்போ நான் லாரியை வரச் சொல்லிடறேன். இந்தக் கடிதம் இருக்கும்போது எவனும் சுடச் சொல்ல முடியாது. துப்பாக்கிக்காரனை வீட்டுக்கு அனுப்பறேன்.

டாக்டரம்மா: குட்டியைத் தனியா ஏத்தாதே. அம்மா முழிச்சுப் பார்த்தா பக்கத்துல இருக்கணும்.

ரேஞ்சர்: சரி மேடம். ஒண்ணே ஒண்ணு... விசாரணை வரும். உங்களை உட்கார வெச்சுக் கேப்பாங்க. பேப்பர்ல எழுதுவாங்க. தயாரா இருங்க.

டாக்டரம்மா: தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? வை.

சல்லடை: வெச்சுட்டான்.

டாக்டரம்மா: ஏன்யா அழுவறே?

சல்லடை: அழலை. நாத்தம், கண்ணெரியுது.

டாக்டரம்மா: இருபத்தாறு வருஷமா எரியாத கண்ணு.

சல்லடை: அம்மா... லாரி கிளம்பிடுச்சுன்னா திரும்பக் கூப்பிட மாட்டாங்கல்ல?

டாக்டரம்மா: மாட்டாங்க.

சல்லடை: நிச்சயமா?

டாக்டரம்மா: நிச்சயமா.

சல்லடை: அங்கேருந்து அது திரும்பி வந்தா?

டாக்டரம்மா: பாறைக்குத்தான் வந்து பழகிச்சு. ரெண்டு வாரம் முன்னாடி எனக்குக் காய்ச்சல், பாறையில ஒண்ணும் இல்ல, அதான் கீழ இறங்கிச்சு. நூத்தி எழுபது கிலோமீட்டர் தள்ளி யாரும் வாளி வெக்கப் போறதில்ல. இப்போதான் மழை வந்தாச்சே, இனிமே பழம் வரும். வராதுன்னுதான் நம்பறேன்.

சல்லடை: அந்த வாரம் எனக்கும் காய்ச்சல்.

டாக்டரம்மா: ம்.

சல்லடை: ஆஸ்பத்திரியில இருந்தேன். புதன்கிழமை.

டாக்டரம்மா: ம்.

சல்லடை: புதன்கிழமை நீங்க டவுன் மீட்டிங்குக்குப் போற நாள். நான்... அம்மா, ரெண்டு கிலோதான். அளந்துதான் வெச்சேன். வாரத்துக்கு ஒரு வாளின்னா இருபதைத் தாண்டாதுன்னு எனக்கும் தெரியும், உங்ககூடத்தானே நிறுத்தேன்! நீங்க வெக்கறீங்கன்னு சத்தியமா தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னா கரடி செத்துடும்னு அடைச்சுக்கிச்சு. சொல்லலைன்னா நீங்க... அந்த ஏழு கரடி... இனிமே எப்படித் தூங்குவீங்க? அது ஒண்ணும் தப்பா சாகலை அம்மா! உங்க கணக்கு தப்பே இல்ல!

டாக்டரம்மா: தெரியும்யா. காலையில எட்டு மணிக்கே தெரியும். ஒரு வாளின்னா பதினாறு. அதே அளவுல இன்னொரு வாளி சேர்த்தா எவ்வளவு வரும்னு போட்டுப் பார்த்தேன், புள்ளி பிசகாம இருபத்தெட்டு வந்துது. நீ புதன்கிழமை ஆத்துப் பாறைக்குப் போனதை ஒரு கொத்து முடியை வெச்சுக் கண்டுபிடிச்சுடுச்சு என் அட்டவணை... அவ்வளவு சரியா இருக்கற ஒண்ணைத்தான் தப்புன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.